கத்தி தொடுமுன் உடலை ஆயத்தம் செய்வோம்

பால்மரத்தைப் புதிதாக வெட்டுக்கு எடுக்கும்போது யாரும் கண்ணை மூடிக்கொண்டு கத்தி வைப்பதில்லை. முதலில் நாடாவைச் சுற்றி மரத்தின் பருமனை அளக்கிறோம். ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் சுற்றளவு எட்டிய மரத்தையே வெட்டுக்கு எடுக்கிறோம். எட்டாததை இன்னும் சில காலம் வளர விடுகிறோம். எட்டிய மரத்திலும் கத்தி பட்டையோடு நின்றுவிட வேண்டும். உள்கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிப் பிற்காலத்தில் பால் வெட்டவே உதவாமற் போகும். வெட்டிய பட்டை மீண்டும் வளர்வது கத்தி பிடித்தவரின் திறமையினால் மட்டுமன்று. மரத்தின் உள்ளே இருக்கும் வலிமையினாலுமாகும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனித உடலுக்கு நடைபெறும் அறுவை சிகிச்சையும் இத்தகையதே. மருத்துவர் வெட்டுகிறார், தைக்கிறார். ஆனால் புண்ணை ஆற்றுவது நோயாளியின் சொந்த உடல்தான். அந்த உடல் எத்தகைய நிலையில் அறுவை மேசைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே பின்னர் வரும் இடர்கள் கூடுகின்றன அல்லது குறைகின்றன. அந்த இடர்களில் எடைக்கு உள்ள பங்கு எவ்வளவு, மற்ற உடல்நலக் குறைகளுக்கு உள்ள பங்கு எவ்வளவு, அவற்றைக் குறைத்துக்கொள்ள நாம் செய்யக் கூடியவை யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆயர் ஈத்தாமின் ஏற்றம்

பினாங்குத் தீவில், கொடிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஆயர் ஈத்தாம். கெக் லொக் சி ஆலயத்தைக் கடந்து மேலே செல்லும் சாலை, 1962-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணைக்கட்டைச் சென்றடைகிறது. காலை வேளையில் அச்சாலையில் நடப்போர் பலர். சிலர் பேசிக்கொண்டே ஏறுகின்றனர். சிலர் பத்து அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குகின்றனர்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இதுதான்: "நிற்காமல் இரண்டு மாடிப்படி ஏற உங்களால் முடியுமா?" கேட்பதற்கு இது மிகச் சாதாரணக் கேள்வியாகத் தோன்றும். ஆயினும் அதற்குள் பெரிய பொருள் அடங்கியிருக்கிறது. அறுவைக்குப் பின்னர் சில நாள்களுக்கு நம் இதயமும் நுரையீரலும் வழக்கத்தைவிட மிகுதியாக உழைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாடி ஏறும் சுமையைத் தாங்கும் உடல் அந்த உழைப்பையும் பெரும்பாலும் தாங்கிவிடும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் படிகளில் ஏறும்போது மூச்சு இறைக்கிறதா, நெஞ்சு கனக்கிறதா என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அறிந்து வைத்திருப்பது நன்று.

விளக்கத்திற்காக ஓர் அண்ணனையும் தம்பியையும் எண்ணிக் கொள்வோம். இது கற்பனைதான், எனினும் நடவாத கதையன்று. அண்ணன் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஆயர் ஈத்தாமின் பார்லிம் அடுக்குமாடி வீட்டில் மகளோடு வாழ்கிறார். உயரம் 160 சென்டிமீட்டர். எடை 80 கிலோ. இனிப்புநீர் நோய் உண்டு. தம்பி இன்னும் செபராங் பிறைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார். உயரம் 165 சென்டிமீட்டர். எடை 44 கிலோ. நாள்தோறும் சிகரெட்டும் மாலையில் மதுவும் அவருக்கு வழக்கம். இருவருக்குமே குடலிறக்கம் ஏற்பட்டு, இருவருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. "அண்ணனுக்குத்தான் ஆபத்து, தம்பி ஒல்லி, அவருக்கு ஒன்றும் ஆகாது" என்று உறவினர் சொல்கின்றனர். இது சரியா?

எடையை அறிவது எப்படி?

ஒருவர் பருமனானவரா மெலிந்தவரா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு உடல் பருமன் குறியெண் என்று பெயர். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அந்த எண் கிடைக்கும். அண்ணனின் எடையாகிய 80-ஐ 1.60-ஆல் வகுத்தால் 50. அதை மீண்டும் 1.60-ஆல் வகுத்தால் 31 சொச்சம். தம்பியின் குறியெண்ணை இவ்வாறே கணக்கிட்டால் 16 சொச்சம் வரும்.

18.5-க்குக் கீழே இருப்பது எடைக் குறைவு. உலக அளவில் 25-க்கு மேல் மிகை எடை என்றும், 30-க்கு மேல் உடற்பருமன் என்றும் கொள்வர். ஆனால் ஆசிய மக்களுக்கு, குறிப்பாக இந்திய வம்சாவளியினருக்கு, அதற்கும் குறைந்த எடையிலேயே இனிப்புநீரும் இதய நோயும் தோன்றிவிடுகின்றன. ஆகவே ஆசியர்கள் 23-லிருந்தே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும், 27.5-க்கு மேல் இடர் மிகுதி என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-ஆம் ஆண்டில் கருத்துரைத்தது.

இடுப்பளவும் முக்கியமானது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்தால், வயிற்றினுள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு படிந்திருக்கக் கூடும். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளியவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் தம்மை ஒல்லியானவர் என்று எண்ணி ஏமாந்துவிடலாகாது.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோருள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இதில் மேலும் கவலை தருவது யாதெனில், இனிப்புநீர் உள்ளவர்களுள் ஐவரில் இருவருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது.

பருத்த உடலில் நேரும் இடர்கள்

முதலாவது, மூச்சு. மயக்க மருந்து கொடுத்தபின் நோயாளியின் மூச்சுக் குழாயில் ஒரு குழலைச் செலுத்தி மூச்சு கொடுக்க வேண்டியிருக்கும். கழுத்து பருத்து, தாடைக்குக் கீழே கொழுப்பு திரண்டிருந்தால் அக்குழலைச் செலுத்துவது கடினம். படுத்த நிலையில் வயிற்றின் பாரம் நுரையீரலை மேல்நோக்கி அழுத்துவதால், உடலில் இருக்கும் உயிர்க்காற்றின் இருப்பும் விரைவில் குறைந்துவிடும்.

உரத்த குறட்டை விடுவோருள் சிலருக்கு உறக்கத்திலேயே மூச்சு சில நொடிகள் நின்று நின்று வரும். அவர்களுக்கு அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் வலி மருந்துகள் மூச்சை மேலும் தாழ்த்திவிடக் கூடும். "என் கணவர் உறங்கும்போது மூச்சு நின்று போகிறது" என்று மனைவி சொல்லும் ஒரு சொல், மயக்க மருந்து மருத்துவருக்குப் பெரிய துணையாகும்.

இரண்டாவது, இரத்தக் கட்டி. அசையாமல் படுத்திருக்கும்போது கால் நரம்புகளில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. பருமனானவர்களுக்கு இந்த வாய்ப்பு மிகுதி. அதனால்தான் சிலருக்கு இரத்தம் உறையாதிருக்க ஊசி போடுகிறார்கள். காலுக்கு இறுக்கமான உறை அணிவிக்கிறார்கள். கூடிய விரைவில் எழுந்து நடக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, புண். கொழுப்புப் படலத்தில் இரத்த ஓட்டம் குறைவு. இரத்தம் செல்லாத இடத்திற்கு உயிர்க்காற்றும் செல்வதில்லை. கிருமியை எதிர்க்கும் அணுக்களும் மருந்தும்கூட அங்குக் குறைவாகவே சென்று சேரும். ஆகவே புண்ணில் சீழ் பிடிப்பதும் தையல் விடுவதும் பருத்த உடலில் கூடுதலாக நேர்கின்றன. வயிற்றுத் தையலின்மீது எடை தொடர்ந்து இழுப்பதால், ஆறிய இடத்திலேயே பின்னர் மீண்டும் குடலிறக்கம் தோன்றுவதும் உண்டு.

இவற்றைச் சொல்வது பருமனானவர்களை அச்சுறுத்துவதற்கன்று. இந்த இடர்கள் ஒவ்வொன்றையும் மருத்துவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தால் அதற்கேற்ற ஏற்பாட்டைச் செய்ய முடியும். எடைக்கேற்ப மருந்தின் அளவைக் கூட்டவும், தகுந்த கருவிகளை அருகில் வைத்திருக்கவும் அவர்களுக்குத் தெரியும். உடல் பருத்தவர் என்பதற்காகத் தேவையான அறுவை சிகிச்சையை மறுத்து வீட்டில் இருந்துவிடுவது பெருந்தவறு.

மெலிந்த உடலுக்கும் இடர் உண்டு

இப்போது தம்பியைப் பார்ப்போம். அறுவைக்குப் பின் நேரும் மரணங்களையும் எடையையும் ஒப்பிட்டுப் பார்த்த பல ஆய்வுகள் எதிர்பாராத ஒன்றைக் காட்டின. மிகக் கூடுதலான ஆபத்து இரு கோடிகளில் இருந்தது: ஒரு கோடியில் மிக அதிகப் பருமன், மறு கோடியில் எடைக் குறைவு. சற்றே மிகை எடை உள்ளவர்கள் பலரும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தேறி வந்தனர். இதன் பொருள் எடையைக் கூட்ட வேண்டும் என்பதன்று. மெலிவும் ஒரு நோய்க்குறியாக இருக்கக்கூடும் என்பதே.

புண் ஆறுவதற்குப் புரதச்சத்து தேவை. சேமிப்பில் ஒன்றுமில்லாத உடல், அறுவையின் அதிர்ச்சியைச் சமாளிக்கத் தன் தசையையே கரைத்துக் கொள்ளும். தசை கரைந்தால் இருமிக் கபத்தை வெளியேற்றும் வலுவும் குறையும். நுரையீரலில் சளி தங்கிக் காய்ச்சல் வரும்.

இரத்தச் சோகையும் அவ்வாறே. மலாயாத் தோட்டங்களில் முற்காலத்தில் கொக்கிப்புழுவும் மலேரியாவும் எத்தனையோ தொழிலாளரின் இரத்தத்தை உறிஞ்சின. இன்று அந்நிலை மாறிவிட்டது. எனினும் போதிய உணவின்மையாலும், பெண்களுக்கு மிகையான மாதவிலக்காலும், மூலத்தாலும், இரைப்பைப் புண்ணாலும் இரத்தச் சோகை இன்றும் காணப்படுகிறது. ஆண்களுக்கு இரத்தத்தில் இரும்புச் செம்புரதம் 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது சோகை எனக் கொள்ளப்படும். அறுவையின்போது இரத்தம் சிறிதளவேனும் சிந்தத்தான் செய்யும். பாதி நிரம்பிய வாளியிலிருந்து மேலும் ஒரு குவளை எடுப்பதற்கும், நிறைந்த வாளியிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு யாவரும் அறிந்ததே.

எடைக்கு அப்பால்

எடை என்பது பல காரணங்களுள் ஒன்றே. நோயாளியின் உடல்நிலையைத் தரம் பிரித்து அறுவையின் விளைவுகளை ஒப்பிடும் முறையை 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர்கள் வகுத்தனர். காலப்போக்கில் திருத்தப்பட்ட அம்முறை இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதன்படி நோயற்றவர் முதல் தரம்; சிறு குறை உள்ளவர் இரண்டாம் தரம்; கடுமையான குறை உள்ளவர் மூன்றாம் தரம்; இவ்வாறு ஆபத்து ஏறிச் செல்லும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குறியெண் 30-க்கும் 40-க்கும் இடையில் உள்ள பருமனானவர் இரண்டாம் தரம். புகைபிடிப்பவர், அவர் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும், அவரும் இரண்டாம் தரமே. இனிப்புநீரை நன்கு கட்டுப்படுத்தி வைத்திருப்பவர் இரண்டாம் தரம்; கட்டுப்படுத்தாதவர் மூன்றாம் தரம். குறியெண் 40-ஐத் தாண்டியவரும் மூன்றாம் தரத்தில்தான் வைக்கப்படுகிறார். அதாவது, கட்டுக்கடங்காத இனிப்புநீர் மிகப் பெரும் உடற்பருமனுக்கு இணையான குறையாக எண்ணப்படுகிறது.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் சோர்ந்துவிடும், கிருமிகள் பெருகும், புண் ஆறத் தாமதமாகும். புகையிலுள்ள நச்சுக்காற்று இரத்தத்தில் உயிர்க்காற்றின் இடத்தைப் பிடித்துக் கொள்ளும். மூச்சுக் குழலின் உட்பகுதி கபத்தை வெளியே தள்ளும் ஆற்றலை இழக்கும். நாள்தோறும் மது அருந்தியவருக்கு, மருத்துவமனையில் அது திடீரென நின்றதும், இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கமும் மனக்குழப்பமும் தோன்றக்கூடும். கட்டுப்படாத இரத்தக் கொதிப்பு இதயத்திற்கும் மூளைக்கும் ஆபத்து.

தம்பியிடம் இவற்றுள் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். எடைக் குறைவு ஒன்று, புகை ஒன்று, மது ஒன்று, சோகையும் இருக்கக்கூடும். அண்ணனிடம் இருப்பவை பருமனும் இனிப்புநீரும். ஒல்லி என்பதனால் மட்டும் தம்பிக்கு ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

நம் நாட்டின் பட்டறிவு

அறுவை சிகிச்சையை ஒட்டி நேரும் மரணங்களை ஆராய்ந்து பாடம் கற்கும் திட்டமொன்றை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 1992-ஆம் ஆண்டில் தொடங்கியது. எவரையும் குற்றம் சாட்டுவது அதன் நோக்கமன்று. நோயாளி நன்கு பரிசோதிக்கப்பட்டாரா, தக்கவாறு ஆயத்தம் செய்யப்பட்டாரா, பின்னர் உரிய கண்காணிப்பு கிடைத்ததா, இம்மரணத்தைத் தவிர்த்திருக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு மருத்துவர்கள் தமக்குள் விடை தேடினர். அத்திட்டத்தின் ஈராண்டு ஆய்வைப் பற்றிய கட்டுரை 1998-ஆம் ஆண்டில் மலேசிய மருத்துவ இதழில் வெளிவந்தது. அதை எழுதியவர்கள் இன்பசேகரன், கந்தசாமி, சிவலிங்கம் ஆகிய மூவர். நம்மவர் மூவர் இத்தகைய அரும்பணியில் முன்னின்றது நமக்குப் பெருமை தருவதாகும்.

உலகச் சுகாதார நிறுவனமும் 2008-ஆம் ஆண்டில், அறுவைக் கூடத்தில் மருத்துவர்களும் தாதியரும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டிய பட்டியலொன்றை வெளியிட்டது. புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில், மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என 2009-இல் தெரியவந்தது. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இத்தகைய பட்டியல் பின்பற்றப்படுகிறது. உங்கள் பெயரையும், எந்தப் பக்கத்தில் அறுவை என்பதையும் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். "எத்தனை முறை சொல்வது?" என்று சலித்துக் கொள்ளாமல் பொறுமையாக விடை கூறுங்கள்.

சிகிச்சைக்கு முந்திய வாரங்கள்

அண்ணனின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மிகவும் கூடியிருப்பதைக் கண்டு அறுவையை இரண்டு மாதம் தள்ளி வைக்கிறார். "குண்டாக இருக்கிறேன் என்று என்னை ஒதுக்கிவிட்டார்கள்" என அண்ணன் மனம் நோகிறார். "ஐயா, இது ஒதுக்குவதன்று. உங்களுக்கு நேரம் கொடுக்கிறேன்" என்கிறார் மருத்துவர். பருமன் எட்டாத மரத்தை நாமும் அவ்வாறுதானே விட்டு வைக்கிறோம்?

அவசரமில்லாத அறுவையாயின், கிடைக்கும் வாரங்களைப் பயன்படுத்திக் கொள்ள வேண்டும்.

புகையை நிறுத்துங்கள். அறுவைக்கு 4 வாரங்களுக்கு முன் நிறுத்தினால் இடர் தெளிவாகக் குறைகிறது. அதற்கு மேலும் ஒவ்வொரு வாரம் நிறுத்தியிருப்பதனால் மேலும் நன்மை உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அறிவித்தது. தாமாக நிறுத்த இயலாதவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உதவி பெறலாம்.

மதுவையும் நிறுத்துங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர்கள் ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி அவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

பட்டினி கிடக்காதீர்கள். அறுவைக்கு நாள் குறித்தவுடன் எடையைக் குறைக்க வேண்டும் என்று உணவை அடியோடு ஒதுக்குபவர்கள் உண்டு. அதனால் கொழுப்போடு தசையும் கரைந்து, உடல் மேலும் பலவீனமாகும். கெட்டிப்பால் கலந்த தே தாரேக், இனிப்பு நீர்வகைகள், ரொட்டி சானாய், பொரித்த பண்டங்கள் ஆகியவற்றைக் குறைத்து, சோற்றின் அளவை மட்டாக்கி, காய்கறியும் பருப்பும் மீனும் முட்டையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மெலிந்தவர்கள் முட்டை, மீன், நெத்திலி, தௌபூ, தயிர் முதலியவற்றைக் கூட்டிக் கொள்ள வேண்டும்.

நடந்து பழகுங்கள். அண்ணன் அணைக்கட்டுச் சாலையில் முதல் நாள் ஆலயம் வரையில்கூட ஏற முடியாமல் திரும்புகிறார். ஆறு வாரத்தில் அதைத் தாண்டிச் செல்கிறார். எடையில் 4 கிலோதான் குறைந்திருக்கிறது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது, மூச்சு வலுவாகியிருக்கிறது. குறியெண் இன்னும் ஏறத்தாழ 30-தான். ஆயினும் இவர் முன்பிருந்த மனிதரல்லர்.

எதையும் மறைக்காதீர்கள். உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். நாட்டு மருந்தாயினும், கடையில் வாங்கிய வலி மாத்திரையாயினும் சரி. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகள் அறுவையின்போது இரத்தப் பெருக்கை உண்டாக்கலாம். இனிப்புநீருக்கும் எடைக் குறைப்புக்கும் வாரம் ஒரு முறை போடப்படும் சில ஊசிகள், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும், நாமாக நிறுத்திவிடலாகாது. ஆடும் பல் இருந்தால் அதையும், குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமற் போயிருந்தால் அதையும் தவறாது சொல்ல வேண்டும்.

தம்பி மறைக்கிறார். "நாள் கூலி போய்விடும், புகை, மது என்று சொன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள்" என்ற அச்சம் அவருக்கு. இது நம் தோட்டங்களில் பலருக்கும் உள்ள அச்சமே. அறுவை குறித்த நாளில் நடந்துவிடுகிறது. மூன்றாம் நாளில் நடுக்கமும் பிதற்றலும் தொடங்குகின்றன. எழுந்து நடக்க முடியாமையால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறது. இருமி இருமித் தையல் வலிக்கிறது. இரண்டொரு நாளில் வீடு திரும்ப வேண்டியவர் மூன்று வாரம் மருத்துவமனையில் தங்குகிறார். ஒரு வாரக் கூலியைக் காக்க எண்ணியவர் இரண்டு மாதக் கூலியை இழக்கிறார். அவர் உயிர் பிழைத்தது மருத்துவர்களின் விழிப்பினால்தான்.

முந்திய இரவும் மறுநாளும்

அறுவைக்கு 6 மணி நேரத்திற்கு முன்பே உணவை நிறுத்திவிட வேண்டும். வெறும் தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரம் முன்பு வரை அருந்தலாம். ஆயினும் உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். பால் கலந்த தேநீரோ மைலோவோ தண்ணீருக்குச் சமமாகாது. அவை உணவே ஆகும். மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கு ஆபத்து. பசிக்கிறதே என்று உறவினர் இரக்கப்பட்டு ஊட்டும் ஒரு பிடி சோறு நோயாளிக்குப் பெருந்தீங்காய் முடியக்கூடும்.

அறுவை முடிந்த பின்னர், தாதியர் எழுப்பி உட்கார வைத்தால் கோபப்படாதீர்கள். ஆழ்ந்து மூச்சு விடுங்கள். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமிக் கபத்தை வெளியேற்றுங்கள். அனுமதித்த உடனே எழுந்து நடங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் கிடப்பது வீரமன்று. வலி மிகுந்தால் சொல்லி மருந்து பெற்று, பின் நடப்பதே அறிவுடைமை.

"முட்டையும் மீனும் தின்றால் சீழ் பிடிக்கும்" என்று சொல்லி, நோயாளிக்கு வெறும் கஞ்சி மட்டும் கொடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. புண்ணை ஆற்றும் சத்தே அவ்வுணவுகளில்தான் உள்ளது. மருத்துவர் தடை விதிக்காத வரையில் அவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். புண்ணின்மீது மஞ்சளோ திருநீறோ வேறு பொடியோ தூவக் கூடாது.

வீடு திரும்பிய பின் காய்ச்சல், புண் சிவந்து சூடாதல், சீழ் வடிதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் உடனே அவசர ஊர்தியை அழையுங்கள்.

காத்திருக்க முடியாத வேளை

எல்லா அறுவைக்கும் வாரக்கணக்கில் அவகாசம் கிடைப்பதில்லை. குடல்வால் அழற்சி, சாலை விபத்து, பிரசவத்தில் சிக்கல், சிக்கிக்கொண்ட குடலிறக்கம் ஆகியவை நாள் பார்த்து வருவனவல்ல. அப்போது உடல் எப்படி இருக்கிறதோ அப்படியே மேசைக்குச் செல்ல வேண்டியதுதான்.

இதனால் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, தேவையான அறுவையை அஞ்சி அஞ்சித் தள்ளிப் போடலாகாது. உள்ளே தள்ளினால் அடங்கும் குடலிறக்கம் ஒரு நாள் அடங்காமல் சிக்கிக்கொண்டால், எளிய சிகிச்சை அவசரச் சிகிச்சையாகிவிடும். ஆபத்து பல மடங்காகும். இனிப்புநீர் உள்ளவர் காலில் வந்த சிறு புண்ணைக் கவனியாது விட்டால், அது காலையே எடுக்கும் நிலையில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். மருத்துவர் கூறி, நாமும் உழைத்து, உடலைச் சீர்படுத்துவதற்காக நாளைத் தள்ளுவது வேறு. அச்சத்தினால் தள்ளுவது வேறு.

மற்றொன்று, நோய் இல்லாத நாளிலேயே உடலை அறிந்து வைத்திருப்பது. எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய நான்கையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்துக் கொள்ளுங்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில் சிகிச்சை கிடைக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தோர், 2019-இல் தொடங்கப்பட்ட 'பெக்கா பி40' திட்டத்தின்கீழ் கட்டணமின்றி உடற்பரிசோதனை செய்துகொள்ள வழியுண்டு. உங்களுக்கு அத்தகுதி உண்டா என்பதை அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

அண்ணன் அறுவை முடிந்து, குறித்தபடி வீடு திரும்புகிறார். சில வாரங்களில் மீண்டும் அணைக்கட்டுச் சாலையில் மெல்ல நடக்கிறார். ஒரு நாள், தேறி வந்த தம்பியும் அவரோடு நடக்கிறார். தம்பியின் சட்டைப் பையில் இப்போது சிகரெட்டுப் பெட்டி இல்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் நம் பெரியோர். அறுவை சிகிச்சை எவ்வளவு நுட்பமாக வளர்ந்தாலும், அதைத் தாங்க வேண்டிய சுவர் நம் உடலே. நாளைக் காலையில் பால்மரத்தின்முன் கத்தியோடு நிற்கும்போது, பழைய வெட்டின்மேல் புதிதாக வளர்ந்திருக்கும் பட்டையை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். நலமாயிருக்கும் மரம் தன் காயத்தைத் தானே ஆற்றிக் கொள்கிறது. நம் உடலுக்கும் அந்த நலத்தை இன்றே சேர்த்து வைப்போம்.